திறந்தவெளி ரோலர் ஹாக்கி: ஸ்கேட் சக்கரங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இன்லைன் ஸ்கேட் அணிந்து ஆடப்படும் ஹாக்கியில், ஆட்டக்காரரின் உடலுக்கும் தரைக்கும் இடையே இருப்பவை எட்டுச் சக்கரங்கள் மட்டுமே. வேகம் எடுப்பது, திரும்புவது, சட்டென நிற்பது, விழாமல் இருப்பது ஆகிய அனைத்தும் அவற்றின் பிடிப்பைச் சார்ந்தவை. எனினும் ஸ்கேட் வாங்கும்போது காலணியின் அளவுக்கும் தோற்றத்துக்கும் தரப்படும் கவனம் சக்கரத்துக்குத் தரப்படுவதில்லை. கடையில் பொருத்தித் தந்த சக்கரத்துடனேயே குழந்தைகள் களமிறங்குகின்றனர்.

இந்தியாவில் ஸ்கேட்டிங் பயிற்சி பெரும்பாலும் கூரையில்லாத சிமெண்ட் தளங்களிலும், கூடைப்பந்து மைதானங்களிலும், குடியிருப்பு வளாகங்களின் தார்ப் பாதைகளிலுமே நடைபெறுகிறது. ஆனால் உலகச் சந்தையில் கிடைக்கும் ஹாக்கி ஸ்கேட்களில் பல, உள்ளரங்கின் வழவழப்பான தளத்தை மனத்தில் கொண்டு தயாரிக்கப்படுபவை. அவற்றின் மென்மையான சக்கரங்கள் சொரசொரப்பான தரையில் விரைவில் துண்டு துண்டாகப் பெயர்ந்துவிடும். இதற்கு நேர்மாறாக, மிகக் கடினமான சக்கரத்தை வழவழப்பான தளத்தில் பயன்படுத்தினால் திருப்பத்தில் கால் வழுக்கும். முதலாவது பிழையால் பணம் விரயமாகிறது. இரண்டாவது பிழையால் மணிக்கட்டும் முழங்காலும் அடிபடுகின்றன. தளம், உடல் எடை, வெப்பநிலை ஆகிய மூன்றையும் கருத்தில் கொண்டு சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தால் இவ்விரண்டையும் பெருமளவு தவிர்க்கலாம்.

இரு வகை ஹாக்கி

சக்கரக் காலணி அணிந்து ஆடும் ஹாக்கியில் இரு பிரிவுகள் உள்ளன. முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு எனச் சக்கரங்கள் அமைந்த குவாட் ஸ்கேட் அணிந்து, பந்தைக் கொண்டு ஆடுவது ரோலர் ஹாக்கி அல்லது ரிங்க் ஹாக்கி எனப்படுகிறது. 1992-ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது இதுவே. ஒரே வரிசையில் நான்கு சக்கரங்கள் கொண்ட இன்லைன் ஸ்கேட் அணிந்து ஆடுவது இன்லைன் ஹாக்கி. பேச்சு வழக்கில் இரண்டுமே ரோலர் ஹாக்கி என்று அழைக்கப்படுகின்றன. இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகளில் இரு பிரிவுகளும் இடம்பெறுகின்றன.

இன்லைன் ஸ்கேட்டின் நவீன வளர்ச்சியும் ஹாக்கியுடன் தொடர்புடையதே. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன் சகோதரர்கள், பனி இல்லாத மாதங்களிலும் ஐஸ் ஹாக்கிப் பயிற்சியைத் தொடர உதவும் காலணியாக இதனை 1980-ஆம் ஆண்டு வாக்கில் மேம்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தனர். எனவே வெளித் தரையில் ஓடுவது இந்தக் காலணியின் தொடக்ககாலப் பணியே ஆகும்.

இக்கட்டுரையில் தரப்படும் அளவுகள் அனைத்தும் இன்லைன் ஸ்கேட்டுக்கு உரியவை. குவாட் சக்கரங்கள் அகலமானவை. அவற்றின் கடினத்தன்மைக் கணக்கும் வேறு.

பிடிப்பும் ஓட்டமும்

ஸ்கேட் சக்கரங்கள் பாலியூரித்தேன் என்னும் பலபடிப் பொருளால் ஆனவை. ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவரது குழுவினரும் 1937-ஆம் ஆண்டு இதற்கான வேதியியலைக் கண்டறிந்தனர். முற்காலத்தில் மரம், உலோகம், களிமண் கலவை ஆகியவற்றால் ஆன சக்கரங்களே பயன்பட்டன. சிறு கல் தட்டினாலும் அவை நின்றுவிடும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபிராங்க் நாஸ்வொர்தி பாலியூரித்தேன் சக்கரங்களை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்த பின்னர், தரையைப் பற்றிக்கொண்டே உருளும் சக்கரம் பரவலானது.

இப்பொருளின் சிறப்பு அதன் நெகிழ்வு. உடல் எடை அழுத்தும்போது சக்கரத்தின் அடிப்பகுதி சற்றே தட்டையாகித் தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் பதிகிறது. இதனால் பக்கவாட்டில் வழுக்காத பிடிப்பு உண்டாகிறது. அழுத்தம் நீங்கியதும் அப்பகுதி பழைய வடிவுக்குத் திரும்புகிறது. அவ்வாறு திரும்புகையில் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. சக்கரம் எவ்வளவு மென்மையாக உள்ளதோ அவ்வளவு பிடிப்பு கூடும். அதே வேளையில் இழப்பும் தேய்மானமும் கூடும். கடினமான சக்கரம் எளிதில் உருளும், நீண்ட நாள் உழைக்கும். ஆயினும் அதன் பிடிப்பு குறைவு. சொரசொரப்பான தரையின் அதிர்வையும் அது பாதத்துக்குக் கடத்திவிடும்.

ஹாக்கியில் பிடிப்பு அளவுக்கு மிஞ்சுவதும் ஆபத்தே. இரு கால்களையும் பக்கவாட்டில் திருப்பிச் சறுக்கி நிற்கும் முறை இவ்விளையாட்டின் அடிப்படைத் திறன்களில் ஒன்று. சக்கரம் சிறிதளவு சறுக்கினால்தான் இவ்வாறு நிற்க முடியும். சிறிதும் சறுக்காமல் தரையைப் பற்றிக்கொண்டால் உடல் முன்னோக்கிச் செல்ல, பாதம் மட்டும் நின்றுவிடும். அந்நிலையில் முழங்காலும் கணுக்காலும் முறுக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. தேவையான இடத்தில் பற்றி, தேவையான இடத்தில் விட்டுக்கொடுக்கும் சக்கரமே ஹாக்கிக்கு ஏற்றது.

கடினத்தன்மை எண் கூறுவது என்ன?

சக்கரத்தின் பக்கவாட்டில் 76ஏ, 82ஏ என்பன போன்ற குறியீடுகள் அச்சிடப்பட்டிருக்கும். இது ஷோர் ஏ அளவுகோலின்படி அமைந்த கடினத்தன்மை எண். அமெரிக்கரான ஆல்பர்ட் ஷோர் வடிவமைத்த கருவியின் பெயரால் இது வழங்கப்படுகிறது. சிறிய உலோக முனையொன்று பொருளின் மீது வைத்து அழுத்தப்படும். முனை 2.5 மி.மீ. ஆழத்துக்கு முழுமையாக உள்ளே சென்றால் மதிப்பு 0. சிறிதும் உள்ளே செல்லாவிட்டால் மதிப்பு 100. ஆகவே எண் கூடக் கூடக் கடினம் கூடுகிறது எனக் கொள்ள வேண்டும்.

ஒப்பீட்டுக்குக் கூறினால், கார் டயரின் மேற்பரப்பு ஏறத்தாழ 65ஏ முதல் 70ஏ வரை இருக்கும். வித்தை காட்டும் ஸ்கேட்போர்டுகளின் கடினச் சக்கரங்கள் 100ஏ-வை நெருங்கும். இன்லைன் ஹாக்கிச் சக்கரங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. உள்ளரங்குக்கானவை பொதுவாக 72ஏ முதல் 78ஏ வரையிலும், வெளித் தரைக்கானவை 80ஏ முதல் 85ஏ வரையிலும் அமைகின்றன.

இந்த எண் மட்டுமே முழுமையான அளவுகோல் அன்று. ஒரே எண் கொண்ட இரு சக்கரங்களில் ஒன்று நன்கு துள்ளி உருளலாம். மற்றொன்று மந்தமாக இருக்கலாம். மூலப்பொருளின் கலவையே இதற்குக் காரணம். சில நிறுவனங்கள் எண்ணைத் தவிர்த்து 'மென்மை', 'கடினம்' என்பன போன்ற சொற்களை மட்டுமே அச்சிடுகின்றன. ஒரு நிறுவனத்தின் 'கடினம்' மற்றொரு நிறுவனத்தின் 'நடுத்தரம்' ஆக இருக்கக்கூடும். அத்தகைய சக்கரங்களை வாங்கும்போது, அது உள்ளரங்குக்கா வெளித் தரைக்கா என்பதையேனும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எந்தத் தளத்துக்கு எந்தச் சக்கரம்?

வெளித் தரை என்ற ஒரே சொல்லுக்குள் பல தளங்கள் அடங்கியுள்ளன.

தார்ச்சாலை, தார்ப் பாதை: ஜல்லியின் முனைகள் வெளியே தெரியும் இத்தளம் சக்கரத்தை மிக விரைவில் அரிக்கும். 82ஏ முதல் 85ஏ வரையிலான சக்கரமே இதற்கு ஏற்றது. உள்ளரங்குச் சக்கரத்துடன் இங்கு ஆடினால் சில மணி நேரத்திலேயே விளிம்புகள் பிய்யத் தொடங்கும். ஜல்லி முனைகளே போதுமான பிடிப்பைத் தருவதால், இங்குக் கடினச் சக்கரம் வழுக்கும் என அஞ்ச வேண்டியதில்லை.

துடைப்பத்தால் கோடிடப்பட்ட சிமெண்ட் தளம்: மழையில் வழுக்காதிருக்க, ஈரச் சிமெண்டின் மீது துடைப்பத்தை இழுத்துக் கோடிடுவது வழக்கம். வாகன நிறுத்துமிடங்களிலும் குடியிருப்பு வளாகங்களிலும் இதனைக் காணலாம். அரிப்பில் இது தார்த் தளத்துக்கு இணையானது. 82ஏ முதல் 84ஏ வரை பொருந்தும்.

கரணையால் வழவழப்பாக்கப்பட்ட சிமெண்ட் தளம்: ஸ்கேட்டிங்குக்கென்றே கட்டப்பட்ட திறந்தவெளித் தளங்களில் பல இவ்வகையின. இங்கு 78ஏ முதல் 82ஏ வரையிலான சக்கரம் ஓட்டத்தையும் பிடிப்பையும் சமன்செய்யும். 85ஏ சக்கரம் நீண்ட நாள் உழைத்தாலும் வேகமான திருப்பத்தில் நழுவக்கூடும்.

மெருகூட்டிய கல், மொசைக், வண்ணப் பூச்சிட்ட தளம்: மேற்கூரை இல்லாவிட்டாலும் இவை உள்ளரங்கின் தன்மை கொண்டவை. 76ஏ முதல் 78ஏ வரையிலான மென்மையான சக்கரமே பாதுகாப்பானது. தூசு படிந்தால் இத்தளங்களின் வழுக்கல் பன்மடங்காகும். ஆட்டத்துக்கு முன் தளத்தைப் பெருக்குவது, சக்கரத்தை மாற்றுவதைவிடவும் பயனளிக்கும்.

பிளாஸ்டிக் ஓடுகள் இணைத்த தளம்: ஒன்றோடொன்று கோத்து விரிக்கப்படும் இவ்வகைத் தளங்கள் பெரும்பாலும் வழுக்கலானவை. 74ஏ முதல் 78ஏ வரை தேவைப்படும்.

ஒரே அணி வாரநாள்களில் தார்ப் பாதையிலும் போட்டி நாளில் வழவழப்பான தளத்திலும் ஆட நேர்ந்தால், இரண்டுக்கும் பொதுவாக ஒரு சக்கரத்தைத் தேடுவது வீண். பயிற்சிக்கு ஒரு கடினத் தொகுப்பு, போட்டிக்கு ஒரு மென்மையான தொகுப்பு என இரண்டு வைத்துக்கொள்வது நெடுநோக்கில் சிக்கனமானது. விலையுயர்ந்த மென்மையான தொகுப்பு போட்டிக்கு மட்டும் பயன்படுவதால் நீண்ட நாள் நிலைக்கும்.

உடல் எடையும் கணக்கில் வரும்

ஒரே சக்கரம் 35 கிலோ எடையுள்ள சிறுவனுக்குக் கடினமாகவும், 85 கிலோ எடையுள்ள இளைஞருக்கு மென்மையாகவும் தோன்றும். எடை குறைந்தவர் அழுத்தும்போது சக்கரம் போதிய அளவு தட்டையாவதில்லை. ஆகவே பிடிப்பு கிடைக்காது. எடை மிகுந்தவர் அழுத்தும்போது மென்மையான சக்கரம் அளவுக்கு மீறி நசுங்கி வேகத்தை உறிஞ்சிவிடும்.

நடுத்தரச் சொரசொரப்புள்ள சிமெண்ட் தளத்தில் தொடக்க அளவாகப் பின்வருமாறு கொள்ளலாம். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு 78ஏ முதல் 80ஏ. 50 முதல் 75 கிலோ வரை 80ஏ முதல் 82ஏ. 75 கிலோவுக்கு மேல் 83ஏ முதல் 85ஏ. இவை விதிகள் அல்ல. இதனின்று தொடங்கி, கால் வழுக்கினால் 2 எண் குறைத்தும், சக்கரம் இழுப்பதாகத் தோன்றினாலோ விரைவில் தேய்ந்தாலோ 2 எண் கூட்டியும் பார்க்க வேண்டும்.

குழந்தைகளின் விஷயத்தில் பெற்றோர் செய்யும் பொதுவான தவறு, நீண்ட நாள் உழைக்கட்டும் எனக் கருதி மிகக் கடினமான சக்கரத்தை வாங்குவதாகும். எடை குறைந்த குழந்தைக்கு அச்சக்கரத்தில் பிடிப்பு இராது. கால் அடிக்கடி நழுவுவதால் குழந்தை முழங்காலை மடக்கிச் சாய்ந்து திரும்ப அஞ்சுகிறது. திறனின்மையாகத் தோன்றுவது சில வேளைகளில் சக்கரத்தின் குறையாகவே இருக்கும்.

வெயில், மழை, தூசு

பாலியூரித்தேன் வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும். சண்டீகர் போன்ற வட இந்திய நகரங்களில் மே மாதப் பகல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஜனவரி அதிகாலையில் ஒற்றை இலக்கத்துக்குச் சரியும். வெயிலில் கிடக்கும் சிமெண்ட் தளத்தின் சூடு காற்றின் சூட்டைவிட மிக அதிகம். ஆகையால் குளிர்காலக் காலையில் வழுக்கலாகத் தோன்றிய சக்கரமே கோடை மாலையில் ஒட்டிக்கொள்வதுபோல் தோன்றும். கோடையில் 2 முதல் 3 எண் வரை கடினமான சக்கரத்துக்கு மாறுவதும், குளிர்காலத்தில் அதே அளவு குறைப்பதும் அனுபவமிக்க ஆட்டக்காரர்களின் வழக்கம்.

வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் ஸ்கேட்களை நாள் முழுவதும் வைத்திருப்பது நல்லதன்று. வெப்பத்துடன் எடையும் ஒரே பக்கம் அழுத்தினால் சக்கரத்தின் வட்டம் குலையக்கூடும்.

ஈரத் தளத்தில் எந்தச் சக்கரமும் பாதுகாப்பு அளிக்காது. சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் அமைந்தவுடன் பிடிப்பு திடீரென மறைந்துவிடும். மழைக்குப் பின் தளம் முழுவதும் உலரும் வரை ஆட்டத்தைத் தள்ளிவைப்பதே சரி. உலர்ந்த பின்னரும் தளத்தின் ஓரங்களில் படிந்த பாசியையும் சேற்றுப் படிவத்தையும் அகற்ற வேண்டும்.

விட்டம்: 72, 76, 80

சக்கரத்தின் விட்டம் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. ஹாக்கியில் 72, 76, 80 மி.மீ. ஆகியவை பொதுவானவை. 80 மி.மீ. சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 251 மி.மீ. தொலைவையும், 72 மி.மீ. சக்கரம் 226 மி.மீ. தொலைவையும் கடக்கும். பெரிய சக்கரம் சிறு கற்களையும் தரைப் பிளவுகளையும் எளிதில் தாண்டும். எடுத்த வேகத்தைத் தக்கவைக்கும். சிறிய சக்கரம் விரைவில் வேகமெடுக்கும்; உடலின் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தி நிலைத்தன்மை தரும். திறந்தவெளியில் தரை சீராக இராது என்பதால், சட்டகம் இடமளிக்கும் மிகப் பெரிய ஹாக்கி அளவைப் பயன்படுத்துவது நலம்.

எந்த அளவைப் பொருத்தலாம் என்பதைத் தீர்மானிப்பது சட்டகமே. சில சட்டகங்கள் நான்கு சக்கரங்களும் ஒரே அளவாக இருக்கும்படி அமைந்தவை. 'ஹை-லோ' எனப்படும் சட்டகத்தில் முன் இரண்டு சக்கரங்கள் 76 மி.மீ., பின் இரண்டு 80 மி.மீ. என அமைகின்றன. அச்சுகளின் உயரம் அதற்கேற்ப வேறுபட்டிருப்பதால் நான்கும் தரையைத் தொடும். இத்தகைய சட்டகத்தில் நான்கு 80 மி.மீ. சக்கரங்களைப் பொருத்த முயன்றால், அவை ஒன்றோடொன்று அல்லது காலணியின் அடியில் உரசக்கூடும். புதிய தொகுப்பு வாங்குவதற்கு முன் பழைய சக்கரங்களின் பக்கவாட்டில் உள்ள எண்களைக் குறித்துக்கொள்வது பிழையைத் தவிர்க்கும்.

வேக ஸ்கேட்டிங்கில் இந்தியா அண்மைக் காலத்தில் பெற்றுள்ள வெற்றிகளால், அதற்குரிய பெரிய சக்கரங்கள் மீது சிறுவர்களுக்கு ஈர்ப்பு ஏற்பட்டுள்ளது. 2023-ஆம் ஆண்டு நடைபெற்ற ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்திய ஆடவர், மகளிர் அணிகள் வெண்கலம் வென்றன. தமிழகத்தைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் சீனாவில் நடைபெற்ற உலகப் போட்டியில் தங்கம் வென்றார். வேகப் போட்டிகளில் பயன்படுபவை 100 மி.மீ.-க்கும் மேற்பட்ட, விளிம்பு கூர்மையான சக்கரங்கள். நீண்ட வட்டப் பாதைக்கு உகந்த அவை, நொடிக்கு நொடி திசை மாற வேண்டிய ஹாக்கிக்குப் பொருந்தா.

கோல்காப்பாளரின் தேவை தனி வகையானது. அவர் தொலைவு ஓடுவதில்லை. தாழ்வாக நின்று பக்கவாட்டில் நகர்கிறார். அதற்கேற்ப அவரது சட்டகம் தாழ்வாகவும் சக்கரங்கள் சிறியனவாகவும் அமைகின்றன.

வடிவமும் மையப் பகுதியும்

சக்கரத்தை முன்புறமிருந்து நோக்கினால் தெரியும் வளைவும் முக்கியமானது. ஹாக்கிச் சக்கரத்தின் விளிம்பு அகன்று உருண்டிருக்கும். உடலைச் சாய்க்கும்போது தரையைத் தொடும் பரப்பு குறையாமல் இருக்க இவ்வடிவம் உதவுகிறது. அகலம் பொதுவாக 24 மி.மீ. அளவில் இருக்கும்.

பாலியூரித்தேன் வளையத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் மையப் பகுதியில் இரு வகைகள் உண்டு. ஆரக்கால்களும் இடைவெளிகளும் கொண்டது எடை குறைந்தது. முழுமையாக நிரப்பப்பட்டது சற்றுக் கனமானது. எனினும் மோதலையும் எடையையும் நன்கு தாங்கும். எடை மிகுந்தவர்களுக்கும் கரடுமுரடான தரையில் ஆடுவோருக்கும் பின்னது ஏற்றது. மலிவான சக்கரங்களில் வளையம் மையத்திலிருந்து பிரிந்துவிடுவதுண்டு. ஆட்டத்தின் நடுவே இது நேர்ந்தால் விழுவது உறுதி.

பேரிங் தேர்வு

ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு வீதம், ஒரு ஜோடி ஸ்கேட்டில் 16 பேரிங்குகள் உள்ளன. பெரும்பாலானவை 608 எனப்படும் பொது அளவைச் சேர்ந்தவை. இதன் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. இந்த எண்ணைக் குறிப்பிட்டால் பேரிங் விற்கும் சாதாரணக் கடைகளிலும் கிடைக்கும். சில உயர்ரக ஸ்கேட்களில் 688 என்னும் சிறிய அளவு பயன்படுகிறது. அதற்கு உரிய மையப் பகுதி கொண்ட சக்கரத்தையே வாங்க வேண்டும்.

ஏபெக் 5, ஏபெக் 7, ஏபெக் 9 என விளம்பரங்களில் காணப்படும் எண்கள் தயாரிப்பின் அளவுத் துல்லியத்தை மட்டுமே குறிப்பவை. தூசைத் தாங்கும் திறனை அவை காட்டுவதில்லை. திறந்தவெளி ஆட்டத்தில் பேரிங்கைக் கெடுப்பவை மணலும் ஈரமுமே. எனவே அதிக விலையில் ஏபெக் 9 வாங்குவதைவிட, இருபுறமும் ரப்பர் மூடி கொண்ட நடுத்தர விலைப் பேரிங்குகளை வாங்குவது பயனுள்ளது. கடற்கரை நகரங்களின் உப்புக் காற்றில் இரும்புப் பேரிங்குகள் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், அங்கு ஆடுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நனைந்த பேரிங்கைத் துடைத்து உலர்த்தி, மெல்லிய எண்ணெய் அல்லது கிரீஸ் இட்ட பின்னரே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

தேய்மானமும் இடமாற்றமும்

ஸ்கேட் செய்பவர் பாதத்தின் உட்புறத்தால் தரையைத் தள்ளி முன்னேறுவதால் சக்கரத்தின் உள்விளிம்பே முதலில் தேயும். தொடக்கத்திலும் நிறுத்தத்திலும் அழுத்தம் பெறும் சக்கரங்கள் மற்றவற்றைவிட விரைவில் சிறுக்கும். இடமாற்றம் செய்யாவிட்டால் சில சக்கரங்கள் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். ஸ்கேட் ஒரு பக்கமாக இழுக்கும்.

நான்கும் ஒரே அளவாக உள்ள சட்டகத்தில் முதல் சக்கரத்தை மூன்றாம் இடத்துக்கும், இரண்டாம் சக்கரத்தை நான்காம் இடத்துக்கும் பரிமாறி, தேய்ந்த விளிம்பு வெளிப்புறம் வருமாறு திருப்பிப் பொருத்த வேண்டும். ஹை-லோ சட்டகத்தில் அளவு மாறக்கூடாது என்பதால் முதலாவதும் இரண்டாவதும், மூன்றாவதும் நான்காவதும் தமக்குள் இடம் மாறும். இடது ஸ்கேட்டின் சக்கரத்தைத் திருப்பாமல் அப்படியே வலது ஸ்கேட்டுக்குக் கொண்டுசென்றாலும் உள்விளிம்பு தானாக வெளிப்பக்கம் வந்துவிடும். சொரசொரப்பான தளத்தில் நாள்தோறும் ஆடுவோர் வாரம் ஒருமுறை இதனைச் செய்வது நல்லது.

ஹை-லோ சட்டகம் உள்ளவர்களுக்கு ஒரு சிக்கன வழியும் உண்டு. பின்புற 80 மி.மீ. சக்கரங்கள் ஒரே சீராகத் தேய்ந்து 76 மி.மீ. அளவை எட்டியதும் அவற்றை முன்புறத்தில் பயன்படுத்தலாம். அதற்கு முன் வெர்னியர் அளவியால் விட்டத்தை அளந்து, அனைத்தும் ஒத்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

இடமாற்றத்துக்குப் பின் ஆணிகளை இறுக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். அசைந்தாடினால் ஆணி தளர்வு. சுழலாமல் நின்றால் மிகை இறுக்கம் அல்லது பேரிங்குகளுக்கு இடையிலான உருளைத் துண்டு விடுபட்டிருத்தல் காரணமாகலாம்.

எப்போது மாற்ற வேண்டும்?

விளிம்பிலிருந்து துண்டுகள் பெயர்தல், வளையத்துக்கும் மையத்துக்கும் இடையே விரிசல் தோன்றுதல், மையப் பகுதியில் வெடிப்பு, பேரிங் தன் குழியில் தளர்ந்து ஆடுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் அச்சக்கரத்தை உடனே நீக்க வேண்டும். விட்டம் 4 மி.மீ. அளவுக்குக் குறைந்து, உருண்டிருந்த விளிம்பு தட்டையாகிவிட்டால் அது போட்டிக்கு உகந்ததன்று. பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடந்த சக்கரம் மஞ்சள் நிறமாகி இறுகியிருந்தால், தேயாவிட்டாலும் பிடிப்பு இழந்திருக்கும். ஒரே ஒரு சக்கரம் உடைந்தால், புதியதை மற்றவற்றின் தேய்ந்த அளவுக்கு நெருக்கமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழு அளவுள்ள புதுச் சக்கரம் தேய்ந்தவற்றின் நடுவே மேடாக நின்று சமநிலையைக் குலைக்கும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

• ஆடும் தளம் தாரா, கோடிட்ட சிமெண்டா, வழவழப்பான சிமெண்டா, மெருகூட்டிய கல்லா?

• ஆட்டக்காரரின் தற்போதைய எடை என்ன? வளரும் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் இது மாறும்.

• சட்டகம் ஏற்கும் விட்டம் எவ்வளவு? நான்கும் ஒரே அளவா, முன்னும் பின்னும் வேறுபட்டதா?

• சக்கரத்தின் மீது கடினத்தன்மை எண் அச்சிடப்பட்டுள்ளதா? அது வெளித் தரைக்கு உரியதா?

• மையப் பகுதி 608 பேரிங்குக்கு உரியதா, 688-க்கு உரியதா?

• விலையில் பேரிங்குகளும் அடங்குமா, சக்கரங்கள் மட்டுமா?

புதிய சக்கரத்துடன் நேரடியாகப் போட்டியில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். அச்சில் வார்க்கப்பட்ட மேற்பரப்பின் பளபளப்பு நீங்கும் வரை பிடிப்பு குறைவாகவே இருக்கும். ஓரிரு பயிற்சிகளில் மிதமான வேகத்தில் திரும்பியும் நின்றும் பார்த்த பிறகு முழு வேகத்துக்குச் செல்லலாம். தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகள் இன்றி எந்தச் சக்கரத்தையும் சோதிக்கலாகாது.

பயிற்சி மையங்கள் தங்கள் தளத்தின் தன்மையையும், அதற்குப் பொருந்தும் கடினத்தன்மை எண்களையும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால், புதிதாகச் சேரும் குழந்தைகளின் பெற்றோர் முதல் தொகுப்பையே சரியாக வாங்க இயலும்.